செத்த ரீ.வி.க்குள் சாகாத மின்சாரம்

இரவு நன்றாக ஓடிய ரீ.வி. காலையில் கண் திறக்க மறுக்கிறது. படமும் இல்லை, சத்தமும் இல்லை. முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறோம். அசைவில்லை. அடுத்ததாக வீட்டில் யாராவது ஒருவர் ஸ்குறூ டிரைவரைத் தேடத் தொடங்குவார். "பிளக்கைத்தான் கழற்றிவிட்டேனே, இனி என்ன பயம்?" என்பார். அந்தத் துணிவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயன் போன்ற ஊர்களில் இந்தத் துணிவுக்கு ஒரு வரலாறே உண்டு. குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அது. 1990க்குப் பின் அப்பகுதிக்குப் பல ஆண்டுகள் பொது மின்சாரம் இல்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் பலரும் வானொலி கேட்டார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் போர்முனையானபோது இடம்பெயர்ந்தவர்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பழுதானதை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் நிலையில் யாரும் இல்லை. திறந்து பார்த்துத் திருத்தப் பழகினார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கை பழகியது டைனமோவோடும் 12 வோல்ட் பற்றரியோடும். உலர்ந்த கையால் அதன் முனைகளைத் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. இன்று சுவரில் இருந்து வருவதோ 230 வோல்ட். ரீ.வி.க்குள் அது நேரோட்டமாக மாறி, ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கப்பாசிட்டர் ஒன்றில் தங்குகிறது.

சூட்சுமம் இங்கேதான். ஓடுகிற பெட்டியை நிறுத்தினால் அந்தச் சேமிப்பைப் பெட்டியே குடித்துத் தீர்த்துவிடும். பழுதான பெட்டியில் குடிக்க வேண்டிய பகுதியே செயலிழந்து கிடக்கலாம். அப்போது பிளக்கைக் கழற்றிய பின்பும் மின்சாரம் உள்ளே காத்திருக்கும். பழைய கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகள் இன்னும் மோசம். வர்ணக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் எஞ்சி நிற்கும். அவற்றின் முதுகை வீட்டில் திறக்கவே வேண்டாம். விஞ்ஞானம் படிக்கும் மகன் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை!

அப்படியானால் கைகட்டி இருப்பதா? இல்லை. திறக்காமலே பாதிப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். அதே பொயின்ரில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சதுர முனைப் பிளக் என்றால் அதற்குள் ஒரு சிறு பியூஸ் இருக்கும். சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றிய பின், அதே அம்பியர் அளவில் புதியது போடலாம். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவது வீட்டுக்குத் தீ மூட்டும் வேலை. புதிய பியூஸும் உடனே போனாலோ, செருகியதும் டிரிப் சுவிட்ச் விழுந்தாலோ உள்ளே சோட் இருக்கிறது என்று அர்த்தம். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிவப்புச் சிறு விளக்கு எரிகிறதா? எரிந்தால் மின்சாரம் உள்ளே வருகிறது. ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்கமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். புள்ளியாய் வெளிச்சம் தெரியாவிட்டால் முதலில் ரிமோட் பற்றரியை மாற்றுங்கள். தட்டை ரீ.வி.யில் சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை என்றால், அறையை இருட்டாக்கித் திரைக்கு அருகே டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்கு, திரை அல்ல. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் "திரையே போச்சுது" என்று யாரும் இலகுவில் சொல்லிவிட முடியாது.

சிவப்பு விளக்கும் இல்லை, பிளக்கும் சரி என்றால் பெரும்பாலும் மின்வழங்கிப் பலகையில்தான் பழுது. கப்பாசிட்டர் உப்பியிருக்கலாம், பல்லி புகுந்து கருகியிருக்கவும் கூடும். அது பாஸ்மாரின் வேலை. தேர்ந்த பாஸ் முதலில் தடையி ஒன்றின் வழியாகக் கப்பாசிட்டரை வடித்து, மீற்றர் வைத்து அளந்த பிறகுதான் கை வைப்பார். ஸ்குறூ டிரைவரை முனைகளில் குறுக்கே போட்டுப் பொறி பறக்க விடுபவரைக் கண்டால், பெட்டியை வேறு கடைக்குக் கொண்டு போங்கள்.

இன்னொன்று, மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழைக்குப் பலியாகும் ரீ.வி.கள் ஏராளம். வயல்வெளி நடுவே உயர்ந்து நிற்கும் அன்ரனா வழியாகவும் அது உள்ளே வரும். வானம் இருளத் தொடங்கும்போதே பிளக்கோடு அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பின் வயரைத் தொடாதீர்கள். ரீ.வி. போனால் போகட்டும்.