கைப்பிடியில் கூடிய கனம்

எடை பார்ப்பது நமக்குத் தொழில். மூட்டையைத் தூக்கிய மாத்திரத்தில் கால் கிலோ குறைகிறது என்று சொல்லிவிடும் வியாபாரிகள் நம்மிடையே இன்றும் உண்டு. ஆனால் நம் ஆட்கள் நாள் முழுவதும் கையில் பிடித்து வேலை செய்கிற அரிவாள், கத்தி, கொக்கி இவற்றின் எடையை என்றாவது தராசில் வைத்துப் பார்த்திருக்கிறோமா? நாம் பார்த்ததில்லை. அதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். சக வியாபாரிகள் யாருக்கும் அந்த நஷ்டம் வரக்கூடாது என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரம் தென்னைக்குப் பேர் போனது. நாமும் மளிகை மொத்த வியாபாரத்தோடு தேங்காய், கொப்பரையும் செய்து வருகிறோம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு சில ஆண்டுகள் காய் வரத்து சுருங்கிக் கிடந்தது. வரத்து மெல்லத் தலையெடுத்தபோது கொப்பரைக் களத்துக்கு ஆள் கூட்டினோம். பழைய சாமான்களையும் மாற்றினோம். அப்போதுதான் அரிவாள் விஷயத்தில் நம் புத்தி தவறான பக்கம் போயிற்று.

மரப்பிடி அரிவாளில் தொல்லை உண்டு. மழையில் பிடி ஊறும். வெயிலில் சுருங்கி ஆடும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது கொல்லுப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இரும்புக் குழாயையே பிடியாகப் பற்றவைத்த அரிவாள் விற்பனைக்கு வந்திருந்தது. பிடி ஆடாது, உளுக்காது, செலவில்லை. கணக்குப் போட்டால் மிச்சம். ஒரு டஜன் வாங்கிப் போட்டோம்.

நம் களத்தில் 22 வருஷமாகக் காய் உடைக்கும் ஒருவர் இருக்கிறார். நம்மைவிட நாலைந்து வயது இளையவர். புது அரிவாளை வாங்கி இரண்டு முறை வீசிப் பார்த்தார். "முதலாளி, கனமெல்லாம் கையிலேயே நிக்குது. வாய்க்குப் போகலையே" என்றார்.

"புதுசு அப்படித்தான் இருக்கும். பழகிட்டா சரியாப் போயிடும்ப்பா" என்று சொல்லிவிட்டு நாம் பற்று வரவு நோட்டைப் புரட்டப் போய்விட்டோம்.

மூன்றாம் வாரம், பிற்பகல் மூன்று மணி இருக்கும். இடது கையில் காயை ஏந்தி அரிவாளைப் போட்டிருக்கிறார். முதல் போடில் காய் பிளக்கவில்லை. கை சலித்திருந்த நேரம். இரண்டாவது முறை ஓங்கிப் போட்டதில் வாய் வழுக்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. ஏழு தையல். விரல் பிழைத்தது, ஆனால் நுனிக் கணு இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை. வைத்தியச் செலவையும் ஐந்து வாரக் கூலியையும் கொடுத்தோம். கொடுத்ததால் நம் மனச்சுமை இறங்கிவிடவில்லை.

தராசு சொன்ன சங்கதி

அன்று இரவு கடையை அடைத்த பிறகு பழைய அரிவாளையும் புதியதையும் தராசில் வைத்தோம். பழையது 900 கிராம். புதியது 1 கிலோ 150 கிராம். இரண்டிலும் இரும்பு அலகு ஒரே அளவு, ஒரே கனம். கூடிய 250 கிராம் முழுவதும் பிடியில்தான் இருந்தது.

பிறகு தராசுக் கோலை நிறுத்துவதுபோல ஒவ்வொன்றையும் ஒற்றை விரல்மேல் கிடத்திச் சமநிலை நிற்கும் இடத்தைப் பார்த்தோம். மரப்பிடி அரிவாள், பிடி முடியும் இடத்திலிருந்து நாலரை அங்குலம் தள்ளி அலகில் நின்றது. குழாய்ப்பிடி அரிவாள் மூன்று அங்குலத்துக்குள்ளேயே நின்றது. கனம் கையை நோக்கி ஒன்றரை அங்குலம் பின்வாங்கியிருக்கிறது. இரண்டே வீச்சில் அந்த மனிதர் சொன்னதைத்தான் தராசும் விரலும் நமக்கு இரவு பத்து மணிக்குச் சொல்லின.

வாயின் கனம் ஒரு குன்றிமணியும் குறையவில்லையே, பின் ஏன் வெட்டு விழவில்லை என்று கேட்கலாம். காயைப் பிளப்பது வாயின் கனமும் அது இறங்கும் வேகமும். பிடியில் உள்ள கனம் கைக்குள்ளேயே இருப்பதால் வெட்டுக்கு அதனால் பெரிய உதவி இல்லை. ஆனால் கை அதையும் சேர்த்தே தூக்கியாக வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் காய் உடைப்பவர் என்றால், ஆயிரம் தடவை 250 கிராம். ஆக 250 கிலோ. இரண்டரை குவிண்டால் பாரத்தைக் கூலியில்லாமல் தூக்க வைத்திருக்கிறோம்! மதியத்துக்கு மேல் கை சலித்து வேகம் குறைவதில் வியப்பென்ன? அதோடு, கனம் உள்ளங்கையில் நிறைந்துவிட்டால் வாய் எங்கே இருக்கிறது என்பதைக் கை உணர்வது மங்கிவிடுகிறது. காயை இன்னொரு கையில் ஏந்திச் செய்யும் வேலையில் அந்த உணர்வுதான் காவல்.

பேரன் கொண்டுவந்த கோல்

பொங்கலுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேரனிடம் இதைச் சொன்னோம். பெங்களூரில் வேலை பார்க்கிறான்; அங்கே கோல்ப் ஆட்டம் பழகுகிறான். கொடைக்கானலில் 1895 முதல் அந்த ஆட்டத்துக்கென்று ஒரு கிளப்பே இருந்து வருகிறது, நமக்குத்தான் தெரியாது. பந்தைக் குழிக்குள் மெதுவாக உருட்டிவிடும் கோலுக்குப் பெயர் பட்டராம். வெண்ணெயும் அல்ல, பெருமாள் கோயில் பட்டரும் அல்ல என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

அந்தக் கோலிலும் இதே பிரச்சினை இருக்கிறது. அதன் தலை சுமார் 350 கிராம் இருக்கும். பிடிக்கு மாட்டும் உறை சாதாரணமாக 60 முதல் 80 கிராம். தடித்த உறை 100 கிராமுக்கு மேலும் உண்டு. கனமான உறையைப் போட்டால் மொத்த எடை கூடுகிறது, ஆனால் ஆடுகிறவனுக்குத் தலை லேசானதுபோல் தோன்றுகிறது. இதை அளக்க அவர்களிடம் ஒரு தனித் தராசே உண்டு. பிடியின் முனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கு வைத்து, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்கள். நம் பெரியவர்கள் வைத்திருந்த வெள்ளிக்கோலின் உறவுதான் அது. தலையில் 2 கிராம் கூட்டினால் அந்தத் தராசு ஒரு புள்ளி ஏறும். பிடியில் சுமார் 5 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி இறங்கும்.

ஆனால் அங்கே சிலர் வேண்டுமென்றே பிடியில் கனம் ஏற்றுகிறார்கள். கோலின் முனையை உடம்பில் ஊன்றி அடிப்பது 2016 முதல் விதிப்படி கூடாது என்று ஆனது. அந்தச் சமயத்தில், தலையையும் கனமாக்கிப் பிடி முனையிலும் கனம் வைத்த கோல்களைப் பலர் நாடினார்கள். மணிக்கட்டு நடுங்காமல், கோல் நிதானமாக ஆட அது உதவுகிறது. கிரிக்கெட் மட்டைக்கு இரண்டாவது உறை மாட்டினால் மட்டை லேசாக எழும்புவதுபோல் தெரிவதும் இதே கணக்குதான். பந்தை உருட்டுகிறவனுக்கு நிதானம் வேண்டும். காய் உடைப்பவருக்கு வாய் தானாக இறங்க வேண்டும். ஒருவனுக்கு மருந்தானது இன்னொருவருக்குக் காயமாகிவிட்டது.

கடைக்காரர் கவனத்துக்கு

ஓங்கிப் போடும் சாமான் எதுவானாலும் பிடி லேசாகவும் கனம் வாய்ப்பக்கமும் இருக்கட்டும். வாங்கும்போதே விரல்மேல் கிடத்திப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. சர்க்கரை, பருப்பு அள்ளும் கரண்டிக்குக் கதை வேறு. சரக்கு முன்பக்கம் இழுப்பதால், பிடி கைக்குப் பின்னாலும் சற்று நீண்டு கனமாக இருந்தால் மணிக்கட்டு வலிக்காது. மூட்டைக் கொக்கிக்குக் கனமே வேண்டியதில்லை. பிடி உள்ளங்கை நிறைய இருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கும் முன் பிடிக்கப் போகிறவரின் கையில் கொடுத்துக் கேளுங்கள். சரக்கின் தரம் கேட்க நாம் பத்துப் பேரிடம் போகிறோம். சாமானின் தரம் சொல்லத் தெரிந்தவர் நம் களத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

குழாய்ப்பிடி அரிவாள் அத்தனையையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். பட்டறையில் நன்றாகக் காய்ந்த மரத்தில் பிடி போட்டு, ஆடாமல் பூண் இறுக்கி வாங்கி வந்தோம். இம்முறை முதல் அரிவாளை அவர் கையில்தான் கொடுத்தோம். ஒரு முறை வீசிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காய் குவியல் பக்கம் போய் உட்கார்ந்தார்.