தள்ளியவன் யார்?

கணினி வைத்தியம் - 17

சென்ற வாரம் மெதுவாக நகரும் கணினியைப் பார்த்தோம். இந்த வாரம், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடும் கணினி. விளையாட்டு பாதியில் மூடிக்கொள்கிறது. சரி, பிரவுசராவது பார்ப்போம் என்று திறந்தால் அங்கும் பக்கங்கள் க்ராஷ் ஆகின்றன. உடனே நாம் விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றுகிறோம், பிரவுசரை மாற்றுகிறோம், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போடுகிறோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

இப்படி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோரை அலைக்கழித்த ஒரு விவகாரம் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் 2022, 2023 அக்டோபர்களில் அடுத்தடுத்து வந்தன. கோர் ஐ9-13900கே, 14900கே போன்ற உச்ச ரகங்களை வாங்கியவர்கள் அன்ரியல் எஞ்சினில் செய்த விளையாட்டுகளைத் திறந்தால், ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற செய்தியோடு விளையாட்டு மூடிக்கொண்டது. 24 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே செய்திதான்! பலர் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினார்கள். சிலர் கார்டையே மாற்றிப் பார்த்தார்கள். 2024 ஏப்ரலில் என்விடியா, இந்தப் பிழைக்கு இன்டெலைக் கேளுங்கள் என்று கைகாட்டியது.

கிராபிக்ஸ் கார்டின் மெமரியைக் குறை சொல்லும் செய்திக்கு ப்ராசஸர் எப்படிக் காரணமாகும்? இந்த விளையாட்டுகள் திரையில் படம் வரைவதற்கு ஷேடர் எனும் சிறு நிரல்களைப் பயன்படுத்துகின்றன. சுருக்கி வைத்திருக்கும் அவற்றை முதலில் விரித்துத் தயார் செய்ய வேண்டும். அது ப்ராசஸரின் வேலை. எல்லாக் கோர்களும் முழு மூச்சில் ஓடும். அந்த நேரத்தில் ஒரே ஒரு கணக்கு பிசகினாலும் விரிந்து வருவது குப்பை. அடுத்த கட்டத்தில் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி தனக்குத் தெரிந்த பாஷையில் கத்துகிறது. பிழைச்செய்தி சொல்வது விழுந்தவன் பெயரை. தள்ளியவன் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

ப்ராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோட் எனும் உள்நிரல் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து, கோர்களுக்குத் தாளம் போடும் கடிகாரச் சுற்றைச் சீக்கிரமே கிழடாக்கிவிடுகின்றன. ஆகஸ்டில் வந்த திருத்தம் வோல்டேஜுக்கு 1.55 வோல்ட் என வரம்பு கட்டியது. செப்டம்பரில் இன்னொரு திருத்தம் வந்தது: கணினி சும்மா இருக்கும்போதும் லேசான வேலை செய்யும்போதும் வோல்டேஜ் எகிறுவதைத் தடுக்க. விளையாடாதவர்களுக்கும் ஆபத்து இருந்தது என்று இதற்குப் பொருள். 2025 கோடையில் ஐரோப்பாவை வெப்ப அலை வாட்டியபோது, இந்த ப்ராசஸர்கள் உள்ள கணினிகளிலிருந்து வந்த பயர்பாக்ஸ் க்ராஷ் அறிக்கைகளைப் பார்த்தே எந்தெந்த நாடுகளில் வெயில் கொளுத்துகிறது என்று சொல்லிவிடலாம் என்றார் ஒரு மொசில்லா பொறியாளர்.

உங்கள் ப்ராசஸர் வேறாக இருக்கலாம். இதிலுள்ள பாடம் எல்லோருக்கும் பொது. விளையாட்டும் பிரவுசரும் இரண்டுமே விழுந்தால், இரண்டுக்கும் கீழே பொதுவாக இருப்பதைத் தேடுங்கள்: ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டும் அதன் டிரைவரும், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்.

முதலில் விழும் விதத்தைக் கவனியுங்கள். திரை நொடிப்பொழுது கறுத்து மீண்டு வந்தால் கிராபிக்ஸ் டிரைவர் திணறியிருக்கிறது. கார்டு சுமார் 2 விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை உலுக்கி எழுப்பும். நீலத்திரை வந்தால் அதிலுள்ள ஸ்டாப் கோடை போனில் படம் எடுங்கள். நீலத்திரையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ், சூடு, யுபிஎஸ் மூன்றையும் சந்தேகியுங்கள். அப்போது ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று பதிவாகியிருக்கும். அதைக் கண்டு எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

பிறகு சோதனை. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இதை மீறினால் எதனால் சரியானது என்றே தெரியாது. செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால் நீக்குங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். ரேம் அதனால் வழக்கமான வேகத்தைத் தாண்டித்தான் ஓடுகிறது. இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரு பிழை காட்டினாலும் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். பிரவுசர் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை நிறுத்துங்கள். க்ராஷ் அதோடு நின்றால் சந்தேகம் கிராபிக்ஸ் பக்கம் திரும்புகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் வீட்டில் சோதிப்பது கடினம்; நன்றாக ஓடும் வேறொன்றைக் கடையிலோ நண்பரிடமோ இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே வழி. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும்.

உங்களிடம் இருப்பது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் என்றால், க்ராஷ் வருகிறதோ இல்லையோ, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை இன்றே ஏற்றுங்கள். நடுவில் மின்சாரம் போகக் கூடாது, யுபிஎஸ் இருக்கட்டும். பயாஸோடு வரும் மைக்ரோகோட் திருத்தம் இனி வரும் கெடுதலைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்ட ப்ராசஸரைக் குணப்படுத்தாது. அதற்கு மாற்றுத்தான் வாங்க வேண்டும். பாதிப்புக்குள்ளான ரகங்களில் பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை இன்டெல் 2 ஆண்டு நீட்டி 5 ஆண்டாக்கியிருக்கிறது. பில்லையும் ப்ராசஸர் பெட்டியையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

(தொடரும்)