துணிக்கு எடையா, இடமா?

அக்கா மகள் வேலைக்காகக் கனடா கிளம்புகிறாள். காற்றை உறிஞ்சி அமுக்கும் பைகளோடு ஆலங்குளம் வந்து, "இனி எல்லாம் அடங்கிரும் மாமா" என்றாள்.

அடங்கும்தான். ஆனா எடை குறையாதே! விமானத்தில் கூடவே கொண்டுபோகும் பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோதான் வரம்பு. மிச்சமான இடத்தில் இன்னும் நாலு சேலையைத் திணித்தால் கூடுதல் கட்டணம்தான்.

கூரியரில் கணக்கே வேறு. நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5000-ஆல் வகுப்பார்கள். அந்த விடை, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. 60×50×50 பெட்டியில் 15 கிலோ துணி இருந்தாலும் 30 கிலோவுக்குக் கட்டணும். அமுக்கி உயரத்தை 25 ஆக்கினால் 15 கிலோதான். பை உதவுவது இங்கேதான்.

இன்னொன்று, ஈரம். பருத்தி காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இருக்காது. அரைகுறையாகக் காய்ந்த பருத்தியை மூடி, வாரக்கணக்கில் கப்பலில் விட்டால் பூஞ்சைதான்.

இறந்துபோன எங்க அம்மாவின் கைத்தறிச் சேலைகள் ரெண்டு இருந்தன. அவற்றை நன்றாக உலர்த்தி, அமுக்காமல், அவள் கைப்பையில் வைத்தோம். குளிர்க்கோட்டை அங்கேயே வாங்கிக்கலாம். இதை வாங்க முடியாதே.