வண்டி விழுவதற்கென்று ஒதுக்கிய மண்

மத்தூரில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவர்களில் பலர், ஏதோ ஒரு வண்டியின் உதிரிபாகத்தோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்கள். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர், ஓசூரில் டிவிஎஸ். அந்த டிவிஎஸ் 1982-லேயே பந்தய அணி தொடங்கிவிட்டது. அணி களமிறங்கும் முக்கியமான ரேஸ் டிராக்கும் நம் நெடுஞ்சாலையை ஒட்டியேதான் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் ஏறி, வாணியம்பாடி, வேலூர் தாண்டிச் சென்னையை நோக்கிப் போனால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை.

அதைக் கட்டியது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். 1953-ல் உருவான இந்த கிளப், வெகுகாலம் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்தியது. 1990-ல் சொந்தத் தடம் வந்தது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

முதல் முறை போகிறவர்கள் தாரையும் வண்டியையும்தான் பார்ப்பார்கள். தாருக்கு வெளியே பாருங்கள் என்பேன். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடி தாமதமாக பிரேக் பிடித்தால் 55 மீட்டர் கூடுதலாகப் போய்விடுவார். அந்த 55 மீட்டருக்கு இடம் வேண்டுமே! அதற்காகத்தான் வளைவின் வெளிப்பக்கத்தில் கூழாங்கல் படுகை. நம் ஊர் கிரஷர் ஜல்லி இதற்கு உதவாது. முனையுள்ள கல் ஒன்றையொன்று கவ்வி இறுகிக்கொள்ளும். உருண்டைக் கல்தான் சக்கரம் பட்டதும் விலகி வழிவிடும். சக்கரம் புதையும், வேகம் கல்லுக்குள் கரையும். படுகைக்கும் அப்பால் டயர் சுவர். பழைய டயர்களை அடுக்கி, போல்ட் போட்டுப் பிணைத்து, முகப்பில் கன்வேயர் பெல்ட் போர்த்தியிருப்பார்கள். பெல்ட் இல்லாவிட்டால் கார் டயர்களுக்கு நடுவே செருகிக்கொள்ளும்.

இதே வேகத்தை நெடுஞ்சாலையில் பிடிக்கும் நம் பையன்களுக்கு வெளியே இருப்பது சென்டர் மீடியனும், நின்றுகொண்டிருக்கும் லாரியும்தான். எனக்கு மனசு பதறுவது அதனால்தான்.

வண்டி தடத்தில் இறங்குமுன் நடக்கும் பரிசோதனை, பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் சிறு துளை போட்டு, மெல்லிய கம்பியை நுழைத்து, முறுக்கி இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். அதிர்வில் அந்த போல்ட் கழன்று நாலு சொட்டு ஆயில் வளைவில் விழுந்தால், பின்னால் வருகிறவர்கள் வரிசையாகச் சறுக்குவார்கள். இதே பயத்தால் பந்தய பைக்குகளின் ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்ற விடுவதில்லை. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் வழுக்கும், வெறும் தண்ணீர் காய்ந்துவிடும்.

ஓட்டுபவருக்கு இரைச்சலில் எதுவும் கேட்காது. அதனால் தடம் முழுக்க மார்ஷல்கள் கொடியால் பேசுகிறார்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். நீலம், வேகமானவர் பின்னால் வருகிறார் என்பது. பிட் பகுதி, நேரம் குறிக்கும் கோபுரம், மருத்துவ மையம், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் இதே ஏற்பாட்டின் உறுப்புகள்.

2011-ல் கிரேட்டர் நொய்டாவில் திறந்த புத் சர்வதேசத் தடம் இருங்காட்டுக்கோட்டையைவிடப் பெரியது, 5.125 கிலோமீட்டர். ஃபார்முலா 1 அங்கே 2013 வரை மூன்று ஆண்டுகள் நடந்தது. ஆனாலும் ஃபார்முலா 1-க்கு இந்தியா அனுப்பிய முதல் ஓட்டுநர் நம் பக்கத்துக்காரர்தான்: கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன், 2005-ல். அடுத்தவர் சென்னையின் கருண் சந்தோக்.

பந்தய நாளில் ஒரு பைக் கூழாங்கல்லில் புரண்டு விழுந்தால், ஓட்டியவர் எழுந்து கையாட்டுகிறாரா என்றுதான் கூட்டம் பார்க்கும். அவர் நடந்து போனபிறகும் மார்ஷல்களுக்கு வேலை இருக்கும். வண்டி உழுதுபோட்ட பள்ளத்தை வாரியால் இழுத்து மட்டமாக்குவார்கள். கல் மேடாகக் கிடந்தால் அடுத்து வருகிற வண்டியைத் தூக்கி எறிந்துவிடும்.