ஜப்பானிய மொழி கற்க குழு வகுப்பா, தனி டியூஷனா? பாடாங் மேஹா இளையோருக்கு ஒரு கணக்கு

எஸ்.பி.எம். முடித்திருப்பீர்கள், இல்லையென்றால் குலிமில் ஷிப்ட் வேலை பார்ப்பீர்கள். ஜப்பானிய மொழி தெரிந்தால் நல்லதாச்சே என்று தோன்றியிருக்கும். 1982-இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையும், 1996-இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் கெடா இளையோருக்கு அந்த ஆசையைக் கொஞ்சம் நெருக்கமாக்கின. ஆனால் வீட்டில் கேட்கப்போகும் முதல் கேள்வி, 'எவ்வளவு செலவாகும்?' என்பதுதான்.

கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்.

எத்தனை மணி நேரம் தேவை?

ஜே.எல்.பி.டி. எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 முதல் என்1 வரை 5 நிலைகள் உள்ளன. என்5 தொடக்க நிலை. 2010-க்கு முன்பிருந்த பழைய தேர்வில், கடைசி நிலைக்கே சுமார் 150 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைத்திருந்தார்கள். வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேர வகுப்புக்கு மட்டும் போனால், 100 வாரம் ஆகும். கிட்டத்தட்ட 2 வருடம்!

ஆக, குழுவோ தனியோ, வகுப்பு மட்டும் போதாது. வீட்டில் தினமும் அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

குழு வகுப்பில் எவ்வளவு பேசுவீர்கள்?

எடுத்துக்காட்டுக்கு, 8 பேர் உள்ள 90 நிமிட வகுப்பு. ஆசிரியர் 50 நிமிடம் விளக்குகிறார். மீதி 40 நிமிடத்தில் ஒவ்வொருவராகப் பேசினால், உங்களுக்கு 5 நிமிடம். அதையே இருவர் இருவராகப் பேசவிட்டால், 20 நிமிடம் கிடைக்கும். அதனால் சேருவதற்கு முன், 'ஜோடியாகப் பேசும் பயிற்சி உண்டா?' என்று கேளுங்கள்.

குழுவின் பலம் வேறு. கட்டணம் பகிரப்படும், பாடத்திட்டம் ஒழுங்காக நகரும், கூட இருப்பவர்களைப் பார்த்து நாமும் விடாமல் படிப்போம். ஆனால் ஷிப்ட் மாறினால் பாடம் போய்விடும். விட்ட பாடத்தை மறுபடி எடுப்பார்களா, குலிமுக்கோ சுங்கை பட்டாணிக்கோ போய்வர எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தனி டியூஷன் எப்போது?

உங்கள் தவறை மட்டும் திருத்த ஆள் வேண்டும் என்றால். தமிழர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பெர்சிமன் பழத்துக்கும் சாவிக்கும் உள்ள ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதினால், இரண்டும் 'ககி'தான். இரண்டாவது எழுத்தை 'பக்கம்' போல வல்லோசையாகச் சொன்னால் பழம், 'தங்கம்' போலச் சொன்னால் சாவி. கூட்டத்தில் இது ஆசிரியர் காதில் விழாமல் போகலாம்.

நமக்குச் சாதகமும் இருக்கு. 'ஒஜிசான்' மாமா, 'ஒஜீசான்' தாத்தா. குறில், நெடில் தெரிந்த நமக்கு இது சுலபம். வினைச்சொல் கடைசியில் வருவதும், 'பினாங்குக்கு' என்பதுபோல் உருபு பெயருக்குப் பின்னால் வருவதும் தமிழ் மாதிரியேதான். ஆங்கிலத்திலோ மலாயிலோ யோசிக்காமல் தமிழில் யோசித்துப் பாருங்கள்.

இலக்கு என்ன?

ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் மட்டும் 60-க்கு 19-ஆவது வேண்டும். தேர்வுதான் இலக்கு என்றால் குழு வகுப்பு போதும். நேர்முகத் தேர்வோ ஜப்பானிய மேலாளருடன் வேலையோ என்றால், பேச்சுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். ஜப்பானில் வேலை செய்ய 2019-இல் வந்த குறிப்பிட்ட திறன் விசாவுக்கு, பொதுவாக என்4 அல்லது ஜே.எஃப்.டி. அடிப்படைத் தேர்வு கேட்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

ஹிராகானா 46, கத்தாகானா 46. இந்த அடிப்படை எழுத்துகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஜப்பான் அறக்கட்டளையின் 'இரோடோரி' பாடநூலும் 'மினாத்தோ' தளத்தின் சுயகற்றல் பாடங்களும் இலவசம். ஒரு மாதம் அப்படிப் படியுங்கள். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் குழு வகுப்பில் சேருங்கள். பேச்சு தடுமாறும்போதும் நேர்முகத் தேர்வு நெருங்கும்போதும் மட்டும், இணையம் வழி சில மணி நேரம் தனி ஆசிரியரை வையுங்கள். வீட்டுக்குப் பாரம் குறையும், படிப்பும் நிற்காது.