மழையில் பிறக்கும் குட்டி பிழைக்குமா?

வெள்ளாட்டின் சினைக் காலம் 150 நாள். அதாவது 5 மாதம்.

இந்தச் சின்னக் கணக்கில்தான் பத்து ஆடு வைத்திருக்கும் குடும்பத்தின் லாபம் இருக்கிறது. நஷ்டமும் இதில்தான் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் போனால் கறுப்பு ஆடுகளைப் பார்க்கலாம். நல்ல உயரம். முகத்தின் இரண்டு பக்கமும் கோடு போட்டது போல் இருக்கும். கோடு வெள்ளையாக இருந்தால் அது "பால் கன்னி". செந்நிறமாக இருந்தால் "செங்கன்னி". கன்னி ஆடு வெயில் தாங்கும். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி போடுவது சாதாரணம்.

2019-ம் ஆண்டில் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. இவற்றில் பெரும்பகுதி சிறு விவசாயிகள், நிலம் இல்லாத கூலிக்காரர்கள் வீட்டில் வளர்பவை. 2011-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு 4 ஆடுகள் வீதம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் இதனால்தான். ஆஸ்பத்திரிச் செலவா? பள்ளிக்கூடச் செலவா? கடன்காரரிடம் போக வேண்டாம். பட்டியில் இருந்து ஒன்றை அவிழ்த்தால் போதும்.

தையில் விருந்து, கோடையில் காய்

ஆட்டுக்கு நல்ல காலம் தை, மாசிதான். கரிசல் காட்டில் கம்பு, சோளம், உளுந்து அறுவடை முடிந்துவிடும். காடு திறந்து கிடக்கும். அறுத்த தாளிலும் வரப்பிலும் ஆடுகள் வயிறு முட்ட மேயும். பருத்தி எடுத்து முடிந்தால் அந்தச் செடியையும் விடாது.

சித்திரையில் புல் கருகிவிடும். அப்போது கைகொடுப்பது வேலமரம். தொரட்டியால் கிளையை உலுக்கினால் காய் உதிரும். ஆடுகள் ஓடி வந்து பொறுக்கும். வேலங்காயில் நல்ல சத்து உண்டு. கெட்டிக்காரக் குடும்பத்தில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் காயைப் பொறுக்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைப்பார்கள்.

தொல்லை புரட்டாசியில் ஆரம்பம். சுற்றிலும் விதைத்துவிடுவார்கள். ஒரு ஆடு பக்கத்துக் காட்டில் வாய் வைத்தால் போதும், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும்! ஆட்டைக் கட்டிப் போட்டுத்தான் தீனி போட வேண்டும். அதற்குத் தழை வேண்டாமா?

வேலி ஓரத்தில் சூபாபுல் வைக்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில் அகத்தி வைக்கலாம். பெரிய செலவு இல்லை. ஆனால் ஒன்று. சூபாபுல் தழையை மட்டுமே போடக்கூடாது. மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் ஆட்டுக்குக் கெடுதல்.

8 மாதக் கணக்கு

இப்போது 150 நாள் கணக்குக்கு வருவோம்.

குட்டி போட்ட ஆட்டுக்கு 3 மாதம் ஓய்வு. பிறகு கிடா சேரும். 5 மாதம் சினை. ஆக, 8 மாதத்துக்கு ஒரு ஈற்று. 2 வருடத்தில் 3 ஈற்று.

ஒரு ஆடு மாசியில் குட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது ஐப்பசியில். அதற்கு அடுத்தது ஆனியில். மறுபடி மாசி.

மாசிக் குட்டிக்குக் கவலை இல்லை. தாய்க்கு மேய்ச்சல் உண்டு. பால் இருக்கும். ஐப்பசி தீபாவளிக்குள் குட்டிக்கு 8 மாதம் ஆகிவிடும். நல்ல விலை போகும்.

ஐப்பசிக் குட்டியின் கதை வேறு. அடைமழை. ஈரத் தரை. பிறந்த குட்டி 2 கிலோ இருந்தால் அதிகம். குளிரில் நடுங்கும். சளி பிடிக்கும். கழியும். நாலைந்து நாளில் போய்விடும். ஐந்து மாதம் தாய் தின்ற தீனி வீண்.

வீட்டில் இதைப் பற்றித்தான் சண்டை!

"கிடாவைத் தனியாகக் கட்டுங்கள். வைகாசியில் சேர்க்க வேண்டாம். ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி போடும்" என்பாள் மனைவி.

"மூன்று மாதம் சும்மா நிற்குமே! அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது?" என்பான் கணவன்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கொட்டில் ஒழுகுகிறதா? மனைவி சொல்வதைக் கேட்பதே நல்லது. ஒழுகாத கொட்டிலும் பரணும் இருந்தால் கணவன் கட்சி ஜெயிக்கும்.

பரண் போடுங்கள்

பரண் பெரிய வித்தை அல்ல. தரையில் இருந்து மூன்று, நான்கு அடி உயரத்தில் மரச் சட்டம் அடித்த தளம். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். புழுக்கை கீழே விழ வேண்டும். குட்டியின் கால் மாட்டக்கூடாது. ஒரு விரல் அகலம் சரியாக இருக்கும். பெரிய ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி இடம் வேண்டும். ஆடு ஈரத்தில் படுக்காது. கீழே சேரும் புழுக்கை காட்டுக்கு உரம்.

எல்லா ஆட்டுக்கும் போட வசதி இல்லையா? தாய்க்கும் குட்டிக்கும் மட்டும் ஒரு மூலையில் போடுங்கள். பழைய பலகை போதும்.

பிறந்த குட்டியைத் துணியால் துடைக்க வேண்டும். தொப்புள் கொடி அறுந்த இடத்தில் டிஞ்சர் அயோடின் தடவ வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். "சீம்பால் செரிக்காது" என்று கறந்து கொட்டுகிறவர்கள் உண்டு. குட்டிக்கு முதல் மருந்தே அந்தப் பால்தான்!

கூட்டத்தோடு கொண்டுபோகும் நோய்

மழையை விடப் பெரிய எதிரி ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல் வரும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகும். வாயில் புண். பிறகு கழிச்சல். ஒன்றுக்கு வந்தால் பட்டி முழுவதும் பரவும். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் ஊரில்தான். 1987-ல் விழுப்புரம் அருகே அரசூரில் செம்மறி ஆடுகளிடம் கண்டார்கள்.

வந்த பிறகு கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. வருமுன் தடுக்க ஊசி இருக்கிறது. 3 மாதம் ஆன குட்டிக்குப் போட்டால் சுமார் 3 வருடம் பயம் இல்லை.

துள்ளுமாரி இன்னொன்று. மழைக்குப் பின் இளம் புல்லை வயிறு முட்டத் தின்ற கொழுத்த குட்டி துள்ளி விழுந்து சாகும். இதற்கு வருடம் தோறும் மழைக்கு முன்பே ஊசி போட வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அவசரம் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

சந்தையில்

சனிக்கிழமை எட்டயபுரத்தில் ஆட்டுச் சந்தை. தீபாவளி, பக்ரீத்துக்கு முந்திய வாரங்களில் கூட்டம் நெரியும். வியாபாரி ஆட்டின் முதுகைப் பிடித்துப் பார்ப்பார். இடுப்பை அமுக்குவார். விலை சொல்வார். அவருக்குக் கைதான் தராசு. விற்கிறவருக்கு அந்தக் கைப் பழக்கம் இல்லை. அதனால் வீட்டிலேயே எடை போட்டுவிட்டுப் போவது நல்லது. ஒரு தொங்கு தராசும் கோணிப்பையும் இருந்தால் போதும். எத்தனை கிலோ என்று தெரிந்தவரிடம் பேரம் சீக்கிரம் முடிந்துவிடும்.

கிடாக் குட்டிகள் எல்லாம் விலை போகும். பெட்டையில் வாட்டசாட்டமான இரண்டை மட்டும் வீட்டுக்காரி சந்தைக்கு அனுப்ப மாட்டாள். தாய் ஒரே ஈற்றில் இரண்டு குட்டி போட்டதா, இரண்டுக்கும் பால் கொடுத்ததா என்று அவளுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பெட்டைகள் கிடாவோடு சேர்வது எந்த மாதம் என்பதையும் அவள்தான் முடிவு செய்வாள்.