மையும் மலையும்: மறுமலர்ச்சிக்கால நிலக்காட்சி வரைதல் பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கு முற்பட்ட ஓவியங்களில் மலையும் ஆறும் பெரும்பாலும் சமயக்கதை மாந்தர்க்குப் பின்புலமாகவே அமைந்தன. நிலமே ஓவியத்தின் பொருளாகலாம் என்னும் எண்ணம் வலுப்பெற மையும் தாளும் துணைநின்றன. லியனாடோ டாவின்சி தம் 21ஆம் வயதில் இறகுப்பேனாவால் வரைந்த பள்ளத்தாக்குக் காட்சி இதற்குத் தக்க சான்றாகும். புளோரன்சு நகரின் உஃபிசி கலைக்கூடத்திலுள்ள அச்சித்திரத்தில் 1473 ஆகஸ்து 5 என்னும் நாளை அவரே பொறித்துள்ளார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. அவ்விரண்டுமே இச்சித்திரத்திற்குப் போதியனவாயின.

கோட்டால் மட்டும் சேய்மையைக் காட்டுதல் அரிது. ஆதலின் ஓவியர் மையை நீரிற் கரைத்துத் தூரிகையாற் பூசும் முறையையும் கையாண்டனர். அண்மைப் பாறைக்குச் செறிந்த மை. அடுத்த மலைக்கு நீர் மிகுந்த மை. தொலைச் சிகரத்திற்கு ஏறக்குறைய நீரே. பூசாது விடப்பட்ட வெண்டாளே ஒளியாகின்றது. இடைநிற்கும் காற்றும் ஈரமும் சேய்மைப் பொருளை வெளிறச் செய்யும் இயல்பினை லியனாடோ தம் குறிப்புகளில் ஆராய்ந்துள்ளார். 17ஆம் நூற்றாண்டில் குளோட் லொரேனிடம் இம்முறை முதிர்ச்சியுற்றது.

அந்நூற்றாண்டிலேயே இவ்வரைதல் மரபு இலங்கையையும் எட்டியது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியிற் பணியாற்றிய ஓவியர் ஏசாயஸ் பூர்சே 1662ஆம் ஆண்டளவில் இங்கு வரைந்த சித்திரத் தொகுதி, 1996இல் அம்ஸ்டர்டாம் றைக்ஸ் அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. எனினும் அவர் வரைந்தவை பெரும்பாலும் கரையோர மாந்தரும் வாழ்விடங்களுமே. மாத்தளை மலைகள் அக்காலத்தில் இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்துள் அடங்கியிருந்தன. ஒல்லாந்தர் தூரிகை அங்கு எட்டவில்லை.

மைப்பூச்சு முறைக்கு லக்கலவைப் போலப் பொருந்தும் நிலம் அரிது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகடுகள் மூடுபனியில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிச் செல்லும். நீர் மிகுந்த மை தாளிற் செய்வதை அங்கு பனியே செய்கின்றது. அம்மலைகள் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அடிவாரப் பள்ளத்தாக்கின் நிலையோ வேறு. 2018இல் களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பப்பட்டது. அதன்பொருட்டுப் பழைய நகரத்தைக் கைவிட்டுப் புதிய நகரம் அமைக்க நேர்ந்தது.

நீருள் மறைந்த நிலத்தை ஒளிப்படக் கருவி இனிப் பதிவுசெய்ய இயலாது. ஆயின், வயலும் வழியும் இருந்த இடங்களைச் சொல்லவல்ல முதியோர் உள்ளனர். அவர் சொல்வழி நின்று கை இன்னும் வரையலாம்; செறிவும் வெளிறலும் அறிந்த கைக்கு மையும் நீரும் தாளுமே போதும். வரைவோர், லியனாடோவைப் போல நாளையும் குறித்தல் வேண்டும். காலம் தாழ்ப்பின், நிலத்தைத் தொடர்ந்து நினைவும் மறையும்.